கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும்போது சாப்பாடு இறங்கவில்லை: வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்?

மார்ச் 4, காலை | திருமங்கலம் வாசகி

வீட்டுக்காரருக்குக் கீழ்த்தொண்டையில புற்றுநோய். 35 கரண்ட்ல 13 முடிஞ்சிருக்கு, வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் கீமோ. ஆரம்பிக்கும்போது 58 கிலோ, இன்னிக்கு 54.5. இட்லி இறங்கலை. ஒரு நாளைக்குப் போறது: ரெண்டு இளநீர், நாலு டம்ளர் கஞ்சித் தண்ணி, ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ், ராத்திரி ஒரு டம்ளர் பால். மூக்குல ட்யூப் போடலாம்னு டாக்டர் சொல்றார், இவர் வேண்டவே வேண்டாம்ங்கறார். ட்யூப் இல்லாம ஓட்ட வழி இருக்கா?

மார்ச் 4, மதியம் | உணவியல்

முதலில் கணக்கு. கரண்ட் காலத்தில் கிலோவுக்குக் குறைந்தது 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 54 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1600 கலோரிக்கு மேல், புரதம் 65 முதல் 80 கிராம். நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டினால் 600 கலோரியை ஒட்டி வருகிறது, புரதம் 15 கிராம்கூடத் தேறாது. இளநீர் ஒன்றில் 50 கலோரி இருந்தால் அதிகம். வயிற்றை நிறைத்துவிடும், உடம்புக்கு ஒன்றும் தராது.

13 கரண்டுக்குள் 3.5 கிலோ என்றால் 6 சதவீதம். இது சின்ன இறக்கம் இல்லை. எடை குறைந்தால் கரண்ட் வைக்கும்போது அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் மாஸ்க் தளரும், கழுத்து அதற்குள் நகரும். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டிவரும். உடம்பு தாங்காமல் கரண்டை நடுவில் நிறுத்தினால் வைத்தியத்தின் பலனே குறைகிறது. அதனால்தான் டாக்டர் இப்போதே ட்யூப் பேச்சை எடுக்கிறார். வாய்ப்புண் இனிமேல்தான் ஏறும்: பொதுவாக இரண்டாம், மூன்றாம் வாரம் தொடங்கி, கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு ஓரிரண்டு வாரமும் உச்சத்தில் நிற்கும்.

மார்ச் 4, இரவு | உணவியல்

வாய் வழியாகவே முயல்வதானால் அளவைக் கூட்டாதீர்கள், அடர்த்தியைக் கூட்டுங்கள். ஒரு டம்ளருக்கு:

கொழுப்பு நீக்காத பால் 200 மி.லி., கஞ்சி மாவு 25 கிராம், பால் பவுடர் 15 கிராம், சர்க்கரை 2 டீஸ்பூன், எண்ணெய் அல்லது உருக்கிய நெய் 2 டீஸ்பூன். சுமார் 400 முதல் 450 கலோரி, புரதம் 12 முதல் 15 கிராம். இப்படி நாலு டம்ளர் போனாலே 1600 தாண்டும். புரதத்துக்கு நன்றாக வெந்த முட்டை இரண்டைப் பாலோடு அடித்து வடிகட்டிச் சேர்க்கலாம். பச்சை முட்டை கூடாது, கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், 25 கிராம் மாவு வெந்து ஆறினால் களி மாதிரி இறுகும். வலிக்கிற தொண்டையில் அது ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு இளக்கினால் மறுபடி கஞ்சித் தண்ணிதான். இதற்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு உதவும். கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை நன்றாக நீண்டதும் காயவைத்து, வறுக்காமல் அரைக்க வேண்டும். முளையில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்குகிறது. வறுத்தால் நொதி செத்துவிடும், அதனால் கடைச் சத்துமாவு இந்த வேலைக்கு ஆகாது.

கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, சூடு இன்னும் நன்றாக இருக்கும்போது ஒரு டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கிளறுங்கள். சில நிமிடத்தில் கரண்டியிலிருந்து கட்டியாக விழுந்தது கம்பியாக ஒழுகத் தொடங்கும். அப்புறம் ஒரு கொதி விட்டே ஆகவேண்டும், பச்சை மாவில் கிருமி இருக்கும். வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

முதல் நாளே முழு டம்ளர் வேண்டாம். எண்ணெய் ஒரு டீஸ்பூனில் தொடங்கி இரண்டு நாளில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

மார்ச் 5 | விழுங்கல் பயிற்சி

மேலே சொன்ன இளக்குகிற முறைக்கு ஒரு நிபந்தனை. அவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா? குடித்த பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்கிறதா? ஆமாம் என்றால் இளக்கின கஞ்சி நுரையீரலுக்குள் போகும். தொண்டைப் புற்றுநோயில் தண்ணீர்தான் ஆபத்தான பானம், வேகமாக ஓடும், தொண்டை மூடிக்கொள்வதற்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போவதும் உண்டு, காரணம் தெரியாத காய்ச்சலும் சளியும்தான் அறிகுறி.

அடர்த்தியைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டனை உருவிவிட்டு, கீழ்முனையை விரலால் அடைத்து 10 வரை கஞ்சி ஊற்றுங்கள். விரலை எடுத்துச் சரியாக 10 விநாடி. மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மி.லி.க்குக் கீழே என்றால் தண்ணீர் மாதிரி. 1 முதல் 4 என்றால் மிக லேசான அடர்த்தி, 4 முதல் 8 லேசான அடர்த்தி, 8க்கு மேல் நடுத்தரம், ஒன்றுமே இறங்காமல் 10லேயே நின்றால் கெட்டி. சிரிஞ்சில் பூஜ்யத்திலிருந்து 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்கவேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளந்து வாங்குங்கள். அவருக்கு எந்த அடர்த்தி பாதுகாப்பானது என்பதை ஆஸ்பத்திரியில் விழுங்கல் பரிசோதனை செய்துதான் சொல்லமுடியும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: எச்சிலிலும் அதே அமிலேஸ் உண்டு. வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டால் கெட்டிக் கஞ்சி பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். மருந்துக்கடையில் கெட்டிப்படுத்தும் பவுடர் வாங்கினால் சாந்தன் கம் உள்ளதாகப் பாருங்கள், அது எச்சிலில் உடையாது.

மார்ச் 5, இரவு | திருமங்கலம் வாசகி

தண்ணிக்கு இருமல் வருது. ரெண்டு நாளா குரலும் மாறியிருக்கு. தயிர், ரசம் ரெண்டும் எரியுதுங்கறார். தொண்டை மரத்துப்போற மருந்து ஒண்ணு தந்திருக்காங்க, அது எப்ப?

மார்ச் 5, இரவு | வார்டு சிஸ்டர்

இருமல் விஷயத்தை நாளைக்குக் கரண்ட் போகும்போதே டாக்டர்கிட்ட சொல்லிடுங்கக்கா. காய்ச்சல் 100.4 தொட்டா, மூச்சு வாங்கினா, ராத்திரின்னு பார்க்காம அன்னிக்கே போங்க. பரிசோதனை முடியறவரை தண்ணி, இளநீர் நேரா வேண்டாம்.

வலி மருந்துல பாதிப் பேர் தப்பு பண்றது நேரத்துலதான். சாப்பிட உட்கார்ந்து, வலிச்ச பிறகு மருந்து கொடுக்கறாங்க. டாக்டர் தந்த மாத்திரையோ சிரப்போ வேலை செய்ய அரை மணியிலேர்ந்து முக்கால் மணி ஆகும். 8 மணிக்குக் கஞ்சின்னா 7.15க்கு வலி மருந்து, 7.45க்கு வாய் கொப்பளிப்பு, 8க்கு முதல் வாய். மரத்துப்போற லிக்னோகேன் ஜெல் சில நிமிஷத்துல பிடிக்கும், ஆனா தொண்டையே மரத்தா விழுங்கறது தெரியாது. இருமல் இருக்கறவருக்கு அதை விழுங்கக் கொடுக்காதீங்க. வாயில புண் இருக்கற இடத்துல தடவலாமான்னு மட்டும் கேளுங்க.

மருந்துக்கடையில டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் நீங்களா வாங்கவே கூடாது. சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் படுத்தும், இது சேர்ந்தா ரத்தத்துல கிரியாட்டினின்ங்கற கழிவு ஏறி கீமோ நின்னுடும்.

கொப்பளிக்க: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடர் வேற, அது வேண்டாம். முழிச்சிருக்கறப்ப ரெண்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும். தலையைப் பின்னால சாய்ச்சு கரகரன்னு வேண்டாம், வாயில சுத்தித் துப்பினா போதும். பிசுபிசுன்னு நிக்கற கோழை இதுலதான் அறும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், புதினா பேஸ்ட் ரெண்டையும் அலமாரில வைங்க, குழந்தைங்க பேஸ்ட் போதும். நாக்குல வெள்ளையா படிஞ்சு, தேய்ச்சா சிவந்தா அது பூஞ்சை. அதுக்குத் தனி மருந்து உண்டு, அதைப் புண்ணுன்னு விட்டுடாதீங்க.

மார்ச் 6 | உணவியல்

புளிப்பு, காரம், மிளகு, சூடு நாலும் வேண்டாம். தயிர் எரிந்தால் விட்டுவிடுங்கள், பாலிலேயே புரதம் கிடைக்கும். அவருக்கு நடுத்தர அடர்த்தி என்று சொன்னால் முளைமாவு வேண்டாம், வெறும் மாவிலேயே காய்ச்சி சிரிஞ்சில் சோதித்துக் கொடுங்கள். தோல் நீக்கிய பயத்தம்பருப்பை 30 கிராம் குழைய வேகவைத்து மைய அரைத்தது, வாழைப்பழம் பாலோடு அடித்தது, பட்டர் ஃப்ரூட், முட்டை கஸ்டர்ட் எல்லாவற்றையும் அந்த அடர்த்திக்குக் கொண்டுவரலாம், சிரிஞ்சில் சோதித்த பிறகே கொடுங்கள்.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று உறவுக்காரர் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த ஏழு வாரத்தில் அந்தப் பேச்சைக் கேட்டுச் சர்க்கரையையும் பாலையும் நிறுத்தினால் கரையப்போவது அவருடைய தசைதான். நீரிழிவு இருந்தாலும் சாப்பாட்டைக் குறைக்காமல் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பதே முறை.

மார்ச் 9 | திருமங்கலம் வாசகி

பரிசோதனையில நடுத்தரம்னு சொல்லிட்டாங்க. வாய் வழியா 700, 800 கலோரி போகுது. எடை 53.6. ஒவ்வொரு வேளையும் சண்டையாகுது. இன்னும் ரெண்டு வாய்னு சொன்னா டம்ளரைத் தள்ளிவிடறார்.

மார்ச் 9 | விழுங்கல் பயிற்சி

இந்த நிலையில் ட்யூப் போடுங்கள். தள்ளிப்போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவருக்கு அதைத் தோல்வியாகச் சொல்லாதீர்கள்: ட்யூப் எடைக்கு, வாய் பயிற்சிக்கு. பாரம் இரண்டாகப் பிரிந்ததும் சண்டையும் பாதியாகும், ஒவ்வொரு வாயிலும் உயிர் தொங்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஆனால் ட்யூப் போட்டதும் விழுங்குவதை நிறுத்துகிறவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கரண்ட் பட்ட தசை பயன்படாமல் கிடந்தால் இறுகும். பாதுகாப்பு என்று சொன்ன அடர்த்தியில் தினமும் சில ஸ்பூனாவது விழுங்க வேண்டும். அதோடு எச்சிலைப் பலமாக அழுத்தி விழுங்குவது, குரல்வளை மேலே ஏறும்போது அதை மேலேயே ஓரிரு விநாடி பிடித்துவைப்பது. நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் பிடித்து விழுங்குகிற பயிற்சியும் தருவார்கள், அதை எச்சிலில் மட்டும் செய்யவேண்டும், சாப்பாட்டோடு ஒருபோதும் கூடாது. முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், சிலருக்கு ஆகாது. பரிசோதனையில் பார்த்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

மார்ச் 9, இரவு | வார்டு சிஸ்டர்

சண்டை பத்தி ஒண்ணு. வேளைக்கு வேளை கேட்காதீங்க, நாள் கணக்கு வைங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள்: மணி, என்ன, எத்தனை மி.லி. எழுதறது அவர் கையில இருக்கட்டும். டம்ளரைக் கொண்டுவந்து வெச்சிட்டு நகர்ந்துடுங்க, உட்கார்ந்து வாயையே பார்த்துட்டு இருந்தா யாருக்கும் இறங்காது. தாளிப்பு, மீன் வறுவல் எல்லாம் அவர் கரண்டுக்குப் போயிருக்கற நேரத்துல. நீங்க அவருக்குத் தெரியாம அடுப்படியில நின்னுட்டு சாப்பிடறீங்கன்னா அதை விட்டுட்டு, நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கக்கா. ஏழு வாரம் ஓடணும்.

மார்ச் 12 | திருமங்கலம் வாசகி

நேத்து மூக்குல ட்யூப் போட்டாச்சு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. 60 மி.லி. சிரிஞ்ச் ஒண்ணு தந்தாங்க, 200 மி.லி. விடுங்கன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

மார்ச் 12 | வார்டு சிஸ்டர்

சரி, முழுசா எழுதறேன்.

மூக்கு விளிம்புல ட்யூப்ல என்ன எண் தெரியுதுன்னு முதல்ல குறிச்சு வைங்க. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிஞ்ச். எண் மாறியிருந்தா, வாந்தியிலயோ பலமான இருமல்லயோ ட்யூப் வாய்க்குள்ள சுருண்டு தெரிஞ்சா ஒரு சொட்டும் விடக்கூடாது. காத்தை அடிச்சு வயித்துல சத்தம் கேட்கறதை நம்பவேண்டாம், நுரையீரல்ல இருந்தாலும் சத்தம் கேட்கும்.

முதுகுக்குத் தலகாணி கொடுத்து நிமிர்ந்து உட்கார வைங்க. கைகழுவல். பிஸ்டனை எடுத்துட்டு சிரிஞ்சை மாட்டி, முதல்ல 30 மி.லி. ஆறின தண்ணி. அப்புறம் கஞ்சி. பிஸ்டனால தள்ளக்கூடாது, தானா இறங்கணும். வேகம் வேணும்னா சிரிஞ்சைத் தூக்குங்க, குறையணும்னா தாழ்த்துங்க. 200 மி.லி. இறங்கப் பதினஞ்சு, இருபது நிமிஷம். சிரிஞ்ச் முழுசா காலியாகறதுக்குள்ள அடுத்ததை ஊத்துங்க, இல்லன்னா காத்து போய் வயிறு உப்பும். கடைசில 30லேர்ந்து 50 மி.லி. தண்ணி, மூடி. அப்புறம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. தூங்கும்போதும் தலைப்பக்கம் உயரமாவே இருக்கட்டும்.

ரெண்டு, ரெண்டரை மணிக்கு ஒரு தடவைன்னு வைங்க, காலை 6லேர்ந்து ராத்திரி 9 வரைக்கும். காய்ச்சினதை வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, நம்ம வெயிலுக்குப் புளிச்சிடும். ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம். எடுத்தா வெந்நீர்ல வெச்சுக் குளிர் போக்கிக் கொடுங்க.

மாத்திரை ஒவ்வொண்ணையும் தனித்தனியா நல்லாப் பொடிச்சு, தண்ணில கரைச்சு, நடுவுல 10 மி.லி. தண்ணி விட்டுப் போடணும். கஞ்சியோட கலந்தா அடைக்கும். மெதுவாக் கரையற வலி மாத்திரையைப் பொடிச்சா ஒரு நாள் மருந்து ஒரே நேரத்துல ஏறும், உயிருக்கே ஆபத்து. பான்டாப்ரசோல் மாதிரி மேல்பூச்சு உள்ளதும் பொடிக்கக்கூடாது. கடையில கேட்காம டாக்டர்கிட்டயே கேட்டு சிரப்பாவோ கரையற மாத்திரையாவோ மாத்திக்குங்க.

மார்ச் 12, இரவு | உணவியல்

இப்போது முளைமாவு திரும்ப வரலாம். ட்யூப்புக்கு இளகின கஞ்சிதான் வேண்டும், தொண்டையைத் தொடாது. வாய்க்கு நடுத்தரம், ட்யூப்புக்கு நீர்ப்பதம் என்று இரண்டு பாத்திரம் தனியாக வையுங்கள், டம்ளரில் பெயர் ஒட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் வாய்க்குப் போனது ஆபத்து, ட்யூப்புக்குப் போனது அடைப்பு.

மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். கேழ்வரகுத் தவிடு ஒரு துளி போதும் அடைக்க.

பத்து நாளாகத் தேவையில் பாதிதான் போயிருக்கிறது. எடுத்தவுடன் 1600க்குப் போகாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இப்போது போகும் 800இலிருந்து நாளுக்கு 200 கூட்டி நாலைந்து நாளில் இலக்கைத் தொடுங்கள். பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், சிஸ்பிளாட்டினும் மெக்னீசியத்தைக் குறைக்கும். தையமின் (வைட்டமின் பி1) தரலாமா என்றும் கேளுங்கள். தண்ணீரும் சேர்த்து மொத்த நீர் இரண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ எழுந்தால் தலைசுற்றினாலோ கரண்ட் அறையிலேயே சொல்லுங்கள்.

மார்ச் 17 | திருமங்கலம் வாசகி

அடைச்சிருக்கு. கம்பி விட்டுக் குத்திப் பார்க்கலாம்னு தம்பி சொல்றான்.

மார்ச் 17 | வார்டு சிஸ்டர்

கம்பி வேண்டவே வேண்டாம், ட்யூப்பைக் கிழிச்சு இரைப்பையைக் குத்தும். வெதுவெதுப்பான தண்ணி 20 மி.லி., பெரிய சிரிஞ்ச்ல. சின்ன சிரிஞ்ச்ல அழுத்தம் அதிகம், ட்யூப் வெடிக்கும். மெதுவா இழுத்து, மெதுவா விட்டு, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு மறுபடி. எலுமிச்சை, சோடா பானம் விடாதீங்க, உள்ள இருக்கற பால் திரிஞ்சு இன்னும் இறுகும். அரை மணில வழி வரலைன்னா ஆஸ்பத்திரி. மாத்திக்குடுப்பாங்க.

மலம் எத்தனை நாளா போகலை? வலி மருந்துக்கும் வாந்தி மருந்துக்கும் மலச்சிக்கல் நிச்சயம், வயிறு உப்பினா கஞ்சி மேல ஏறும். மலமிளக்கி சிரப்பை ஆரம்பத்துலேர்ந்தே கேட்டு வாங்கணும்.

ஏப்ரல் 6 | திருமங்கலம் வாசகி

35ம் முடிஞ்சது. 53.9 கிலோ. முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, வலி குறையவே இல்லை, கூடத்தான் செய்யுது. எதாவது தப்பா?

ஏப்ரல் 6 | விழுங்கல் பயிற்சி

தப்பு இல்லை. கரண்டின் வேலை கடைசி நாளோடு நிற்பதில்லை. அடுத்த ஓரிரண்டு வாரம்தான் உச்சம், பிறகு வாராவாரம் இறங்கும். வலி மருந்தை இப்போது குறைக்காதீர்கள். ருசி திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம். பொதுவாக இனிப்பும் மற்றதும் முன்பின்னாக வரும், அவர் இன்று வேண்டாம் என்றதை மூன்று வாரம் கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள். எச்சில் முழுசாகத் திரும்பாமல் போகலாம், அதனால் காய்ந்த தோசை, ரொட்டி எல்லாம் குழம்பில் ஊறித்தான் இறங்கும்.

இந்த இழையைப் படிக்கும் டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்க்காரர்களுக்கு: தாடையும் கரண்டுக்குள் வரும். மூன்று விரல் ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து, சில நாளுக்கு ஒன்று கூட்டுவது பழைய, மலிவான வழி. வலி வரும்வரை தள்ளாதீர்கள், இழுப்பு தெரிந்தால் போதும்.

மே 20 | திருமங்கலம் வாசகி

குழைஞ்ச சாதம், பருப்பு, வேகவெச்ச முட்டை இறங்குது. ட்யூப்பை எப்ப எடுக்கலாம்?

மே 20 | உணவியல்

இரண்டு வாரம் ட்யூப்பில் மருந்தும் கஞ்சியும் போகாமல், வாயிலேயே சாப்பிட்டு எடை அரைக் கிலோகூட இறங்காமல் நின்றால் டாக்டரிடம் கேளுங்கள். அந்த இரண்டு வாரமும் ட்யூப்பில் தினம் தண்ணீர் மட்டும் விடுங்கள், அடைக்காமல் இருக்க.

மே 21 | விழுங்கல் பயிற்சி

எடுப்பதற்கு முன் இன்னொரு விழுங்கல் பரிசோதனை. இருமல் நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், கரண்டுக்குப் பிறகு தொண்டையின் உணர்ச்சி மந்தமாகி இருமலே வராமலும் போகும். சில மாதம் கழித்து, நன்றாக இறங்கியது திடீரென்று தொண்டையில் நிற்க ஆரம்பித்தால் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். அதை விரிக்கமுடியும், நோய் திரும்பவில்லை என்றும் பார்த்துவிடுவார்கள், தள்ளிப்போடாமல் போங்கள்.

மே 21 | பல் மருத்துவம்

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எச்சில் இல்லாத வாயில் இனிப்புக் கஞ்சி குடித்துவிட்டு அப்படியே தூங்கினால் பற்கள் ஈறோரத்தில் ஒரு வருஷத்தில் சொத்தையாகும். ஃப்ளோரைடு ஜெல் தினமும், காலம் முழுக்க. பல் ஆடினால் பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கிவிடாதீர்கள், கரண்ட் பட்ட தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். எந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் என்ற தாளைக் காட்டிய பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஆஸ்பத்திரியில் இப்போதே நகல் வாங்குங்கள்.

மே 22 | வார்டு சிஸ்டர்

அதே ஃபைல்லயே தைராய்டு ரிப்போர்ட்டும் இருக்கணும். கழுத்துல கரண்ட் வெச்சவங்கள்ல பலருக்குத் தைராய்டு மெதுவா அடங்கும், அலுப்பு, குளிர், பசியில்லைன்னு வரும், எல்லாரும் கரண்டோட களைப்புன்னு விட்டுடுவாங்க. ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை டி.எஸ்.ஹெச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்க, ஒரு தடவை ரத்தம் எடுத்தா போதும்.